களம் தந்த இடம்: இந்தியச் சமூக மானிடவியலில் களப்பணி கற்ற வரலாறு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் சமூக மானிடவியல், சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வோர் களப்பணி செய்தல் இன்று இயல்பான நடைமுறையாகிவிட்டது. ஆயின் அக்களப்பணியை அவர்கள் யாரிடம், எவ்வாறு கற்றனர் என்னும் வினாவிற்கு ஆய்வேடுகளில் விடை கிடைப்பது அரிது. ‘ஆய்வு நெறிமுறை’ என்னும் இயலில் உற்றுநோக்கல், பங்கேற்பு, நேர்காணல், வினாநிரல் என வரையறைகள் வரிசையாக வரும். அவ்வரையறைகளின் துணையால் மட்டும் ஓர் ஊரின் திண்ணையில் அமர்வதற்கு இடம் பெற்ற ஆய்வாளர் எவரும் இலர்.

களப்பணியாளர் ஊருக்குள் நுழையும்போது அவ்வூர் அவரை எங்கேனும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கிறது. அவருக்குத் தங்க வீடு தருபவர், அவருக்காகப் பேசுபவர், அவர் கேட்பதற்கு முதலில் விடை சொல்பவர் ஆகியோர் வழியாகவே அவ்விடம் உருவாகிறது. ஆய்வாளர் கற்பதெல்லாம் அவ்விடத்திலிருந்து கற்பதே. அவர் அறிய முடியாமற்போவதும் பெரும்பாலும் அவ்விடத்தின் விளைவே. இருபதாம் நூற்றாண்டில் இந்திய மண்ணில் நிகழ்ந்த சில களப்பணிகளை இந்நோக்கில் வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

நீலகிரியில் ரிவர்ஸ்

1901ஆம் ஆண்டில் இந்திய இனவரைவியல் அளவீட்டுப் பணி அரசின் ஆதரவுடன் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் அப்பொறுப்பு எட்கர் தர்ஸ்டனிடம் தரப்பட்டது. அதன் விளைவாக 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பு தமிழாய்வாளர் நன்கறிந்தது. அத்தொகுப்பு நேரில் கண்ட குறிப்புகள், உடல் அளவீடுகள், அலுவலர்களும் அறிந்தோரும் எழுதியனுப்பிய செய்திகள், பழைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை ஆகியன கலந்த ஒன்று. ஒரு மக்கட்குழுவினரிடையே தொடர்ந்து தங்கிக் கற்றல் என்பது அதன் நோக்கமன்று.

அதே ஆண்டில் நீலகிரிக்கு வந்தவர் வில்லியம் ரிவர்ஸ். அவர் மருத்துவம் பயின்ற உளவியலாளர். 1898இல் ஹேடன் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார். அங்கே மக்களின் பார்வைத்திறன் மரபுவழி வருகிறதா என்றறிய அவர்களுடைய குடிவழிகளைக் குறித்துக்கொண்டார். குறிக்கத் தொடங்கிய பின்னரே அக்குடிவழிகள் பார்வைத்திறனைக் காட்டிலும் மிகுதியான செய்திகளைத் தருவன என்பது அவருக்குப் புலனாயிற்று. தந்தை, தாய், மகன், மகள், கணவன், மனைவி என்னும் சில சொற்களைக் கொண்டே ஓர் ஊரின் மணமுறை, உறவுமுறை, இடப்பெயர்வு, சொத்துரிமை ஆகிய அனைத்தையும் கேட்டறிய இயலும் என்பது அவர் கண்ட வழி. ‘குடிவழி முறை’ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற இம்முறையைத் தோடரிடம் முழு அளவில் செயற்படுத்துவதே அவருடைய எண்ணமாக இருந்தது. அதனோடு தோடரின் பார்வை, தொடுவுணர்வு முதலிய புலன்களைச் சோதிக்கும் கருவிகளையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

முறை நேர்த்தியானது. ஆயின் தோடரிடம் அது முதலடியிலேயே இடறியது. தம் இறந்த முன்னோரின் பெயரை உச்சரித்தல் தோடரிடையே விலக்கப்பட்ட செயல். குடிவழி கேட்பதோ இறந்தோர் பெயரைக் கேட்பதே. ஒரு குடும்பத்தின் வழியை மற்றொரு குடும்பத்தாரிடம் கேட்டறிய வேண்டிய கட்டாயம் அவருக்கு நேர்ந்தது. ‘தந்தை’ என்னும் சொல்லும் எளிதாக இருக்கவில்லை. உடன்பிறந்தோர் பலர் ஒரு பெண்ணை மணந்து வாழும் வழக்கமுடைய தோடரிடையே, கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் தரும் சடங்கைச் செய்தவரே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை எனக் கொள்ளப்பட்டார். மாறாப் பொருளுடையதாக ரிவர்ஸ் கருதியிருந்த சொல்லின் பொருளையே அவர் தோடரிடம் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. கற்றதை அவர் மறைக்காமல் எழுதினார்; 1906இல் வெளிவந்த ‘தோடர்கள்’ என்னும் பெருநூலின் வலிமை அவ்வெளிப்படைத் தன்மையில் உள்ளது.

அந்நூலின் முற்பகுதியில் ரிவர்ஸ் பதிவுசெய்துள்ள ஒரு செய்தி களப்பணி வரலாற்றில் தனியே கருதத்தக்கது. எருமைகளின் பால்மனைச் சடங்குகள் பற்றி அவருக்குத் தெரிவித்தவர்களுக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் நோயுற்றார், ஒருவருடைய மனைவி இறந்தார், ஒருவருடைய பால்மனை எரிந்துபோயிற்று. மறைபொருளை அயலாரிடம் வெளிப்படுத்தியதால் தெய்வங்கள் சினந்தன என்று குறிசொல்வோர் கூறினர். அதன்பின் சொல்வோர் வாய் திறக்கத் தயங்கினர். ரிவர்ஸ் எதிர்பார்த்தவற்றுள் ஒரு பகுதியைப் பெறாமலே நீலகிரியை விட்டுச் சென்றார். கேட்பவர் நூலொன்று எழுதிப் புகழ் பெறுகிறார். சொன்னவர் தம் ஊரிலிருந்தே அதன் விளைவை ஏற்கிறார். இவ்வேற்றுமையை நூலின் தொடக்கத்திலேயே ஒரு செய்தியாக வைத்த நேர்மை ரிவர்ஸுக்கு இருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். பிற்காலத்தார் பலரிடம் அது காணப்படவில்லை.

எமனோவும் சுல்லியும்

ரிவர்ஸ் தோடரிடம் மொழிபெயர்ப்பாளர்களின் துணையுடனேயே பேசினார். அதனால் நேர்ந்த இழப்பு என்ன என்பது முப்பதாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. தாமஸ் பர்ரோவுடன் இணைந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை (1961) உருவாக்கியவராகத் தமிழறிஞர் போற்றும் மரே எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடம், கோத்தம், குடகு, கொலாமி ஆகிய மொழிகளைக் களத்தில் கற்றார். அவர் மானிடவியலாளராக வரவில்லை. வடமொழியில் பயிற்சி பெற்று, எட்வர்ட் சபீரின் தூண்டுதலால் எழுத்தில்லா மொழிகளைத் தேடி வந்த மொழியியலாளர் அவர்.

தோட மொழியைக் கற்று அம்மொழியின் உறவுச் சொற்களை ஆராய்ந்த எமனோ, 1937இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தோடரிடையே தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் உள்ளன என்பதை எடுத்துக்காட்டினார். மணவிலக்கு இவ்விரு குலங்களையும் தழுவியே அமைகிறது. உறவுமுறையை ஆராய்வதற்கென்றே ஒரு முறையை வகுத்துக்கொண்டு வந்து, தோடரின் குடிவழிகளை அட்டவணை அட்டவணையாகப் பதிவுசெய்த ரிவர்ஸ், அம்மக்களின் உறவமைப்பில் ஒரு பாதியைக் காணாது விட்டார் என்பது வியப்பிற்குரியது. மணக்கக் கூடாத உறவினரைக் குறிக்கும் சொல் அவருடைய நூலிலேயே இடம்பெற்றுள்ளது. அச்சொல் ஒரு குலத்தின் பெயராகவும் நிற்கிறது என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. முறையில் குறையில்லை. அச்சொல்லை மக்கள் தமக்குள் எவ்வாறு ஆள்கின்றனர் என்பதைக் கேட்கும் செவி அப்போது உருவாகியிருக்கவில்லை என்பதே பொருந்தும்.

ஆயினும் மொழியறிவு ஒன்றே போதுமானது எனக் கொள்வதும் பிழையாகிவிடும். எமனோவின் ‘கோத்தப் பனுவல்கள்’ பெருந்தொகுப்பு சுல்லி என்னும் ஒரே கோத்தரின் வாய்மொழியை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலம் கற்ற ஆசிரியரான சுல்லி, தம் மக்களின் வழக்கங்களைச் சீர்திருத்த முனைந்து, அதனால் அவர்களுடைய எதிர்ப்பையும் பெற்றவர். அதே காலத்தில் கோத்தரை ஆராய்ந்த டேவிட் மண்டல்பாமுக்கும் சுல்லியே முதன்மைத் தகவலாளர். பின்னாளில் (1960) சுல்லியைப் பற்றி மண்டல்பாம் தனிக்கட்டுரையே எழுதினார். தம் மக்களின் மரபை மாற்ற விழைந்த ஒருவரின் வழியாகவே அம்மரபு ஏட்டில் ஏறியது. இதைக் குறையென்று தள்ளிவிட முடியாது. மரபினின்று சற்று விலகி நிற்பவரே அதனை அயலாருக்கு விளக்கிச் சொல்லும் ஆற்றலும் விருப்பமும் உடையவராக இருக்கிறார். முழுமையாக மரபிற்குள் வாழ்பவருக்கு அதனை விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தகவலாளர் ஒருவரின் சொல்லைப் பயன்கொள்ளும்போது அவர் தம் மக்களிடையே எங்கு நின்றார் என்பதையும் அறிந்தாக வேண்டியுள்ளது என்பதற்குச் சுல்லியின் வாழ்க்கை தக்க சான்று.

பம்பாயிலிருந்து ராமபுரம் வரை

இந்தியர் தம் நாட்டு மக்களை ஆராயத் தொடங்கியது பல்கலைக்கழகத் துறைகள் நிலைபெறுவதற்கு முன்பே எனலாம். ராஞ்சியில் வழக்கறிஞராக இருந்த சரத் சந்திர ராய், நிலவுரிமை வழக்குகளுக்காகத் தம்மிடம் வந்த முண்டா மக்களின் வாயிலாகவே அவர்களுடைய வாழ்வை அறிந்து 1912இல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். நீதிமன்றம் அவருக்கு வாய்த்த களம். நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் என்பது அவருக்குக் கிடைத்த இடம்.

பல்கலைக்கழக வழியில் களப்பணி மரபு ஒன்று உருவாவதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஜி. எஸ். குர்யே. வடமொழி அறிஞரான அவர் கேம்பிரிட்ஜில் ரிவர்ஸிடம் பயின்றார். 1922இல் ரிவர்ஸ் இறந்துவிட, ஹேடனின் வழிகாட்டலில் ஆய்வை முடித்து, 1924இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையின் பொறுப்பை ஏற்றார். நீலகிரியில் அலைந்தவரின் மாணவரான அவர் பெரிதும் நூலகத்து அறிஞராகவே விளங்கினார் என்பது வரலாற்றின் ஒரு விந்தை. அவருடைய புகழ்பெற்ற சாதி பற்றிய நூல் (1932) ஏடுகளிலிருந்து உருவானதே. எனினும் தம் மாணவர்களை இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அனுப்பிக் களச்செய்திகளைத் திரட்டச் செய்தவரும் அவரே. அனுப்புதல் என்பது கற்பித்தல் ஆகாது. போகச் சொன்னதற்கு மேல் அங்கே எவ்வாறு நடந்துகொள்வது, எதனைக் குறிப்பது என்பவற்றை அம்மாணவர்கள் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மாணவர்களுள் ஒருவர் மைசூரு நரசிம்மாச்சார் ஸ்ரீநிவாஸ் (1916–1999). அவர் பிறந்தது மைசூர் நகரில் வாழ்ந்த ஐயங்கார் குடும்பத்தில். தமிழ் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றி அவர் 1943இல் பம்பாய்ப் பல்கலைக்கழக ஆய்விதழில் கட்டுரை எழுதியுள்ளார் என்பது தமிழ் நாட்டார் வழக்காற்றியலார் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. மைசூரில் அவர் வீட்டின் பின்புறமிருந்த பண்டிகெரெ என்னும் குறும்பர் குடியிருப்பைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். உணவு, பேச்சு, பூசல், விழா ஆகிய அனைத்தும் தம் தெருவினின்று வேறுபட்ட ஓர் உலகம் வீட்டின் புழக்கடையை அடுத்தே இருந்ததை அவர் சிறுவயதில் கண்டார். கடல்கடந்து செல்லாமலே அயன்மையைச் சந்திக்கும் வாய்ப்பு சாதிச் சமூகத்தில் பிறந்த எவருக்கும் உண்டு. அதனை அயன்மை என்று உணர்வதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

குர்யேயின் வழிகாட்டலில் குடகரைப் பற்றித் திரட்டிய செய்திகளோடு ஸ்ரீநிவாஸ் 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். ராட்கிளிஃப் பிரௌனும் அவரையடுத்து எவான்ஸ் பிரிட்சார்டும் அவருக்கு ஆசிரியர்களாயினர். அங்கே அவர் பெற்றது களத்திலிருந்து கொண்டுவந்தவற்றைப் படிக்கும் ஒரு புதிய பார்வை. அப்பார்வை கிடைத்தபின் தம் குறிப்புகளில் இல்லாதவை எவை என்பதும் தெரிந்தது. நீண்ட நாள் ஓரூரில் தங்கியாக வேண்டும் என்னும் முடிவு அங்கே உருவாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் விரிவுரையாளர் பதவி கிடைத்தபோது முதலாண்டைக் களத்தில் கழிக்க எவான்ஸ் பிரிட்சார்டு இசைந்தார். 1948இல் மைசூருக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில் ஸ்ரீநிவாஸ் குடியேறினார். ராமபுரம் என்பது அவ்வூருக்கு அவர் இட்ட புனைபெயர்.

அவர் தங்கியது ஊர்த்தலைவருக்கு உரிய, மாடுகள் கட்டப்பட்டிருந்த ஒரு வீட்டில். அவ்வீட்டைத் தேர்ந்தவர் அவரல்லர், ஊர்த்தலைவரே. படித்துப் பட்டம் பெற்று வெளிநாடு சென்று திரும்பிய பிராமணர் ஒருவர் ஊர்த்தலைவரின் விருந்தினராக வந்துள்ளார் என்பதே அவ்வூர் அவருக்கு வகுத்த இடம். அவ்விடத்திற்கு உரியவாறு அவர் நடக்க வேண்டுமென ஊரார் எதிர்பார்த்தனர். குளித்தபின் முகம் மழித்துக்கொண்டதற்காக, மழித்தபின் குளிப்பதே பிராமணருக்கு முறை என்று அவருக்கு எடுத்துச்சொல்லப்பட்டது. சடங்குகளில் நம்பிக்கை தளர்ந்த நகரத்து ஆய்வாளருக்கு அவருடைய சாதியின் ஒழுக்கத்தை ஒக்கலிக ஊரார் கற்பித்தனர். தீட்டு பற்றிய பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லியிருக்க முடியாது. குல்லெ கௌடர் தாமாகவே முன்வந்து அவருக்குத் துணையானார். நாடு கௌடர் நண்பரானார். ஊர்த்தலைவரும் இவ்விருவருமாகிய மூவரைப் பற்றி மட்டும் ஸ்ரீநிவாஸ் தம் நூலில் ஓரியலை ஒதுக்கியுள்ளார்.

ஒடுக்கப்பட்ட சாதியாரின் குடியிருப்பில் அவரால் அவ்வாறு பழக இயலவில்லை. பெண்களோடும் அவ்வாறே. தம் நூல் பெரிதும் மேற்சாதியார் நோக்கில் அமைந்துவிட்டதை ஸ்ரீநிவாஸ் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். பின்வந்தோர் அதனை அவருடைய குறையாக மட்டுமே எடுத்துரைத்தனர். சற்று நுணுகி நோக்கினால், ராமபுரத்திலிருந்து அவர் உலகிற்குத் தந்த கருத்துகளுள் தலையாயதான ‘ஆதிக்க சாதி’ என்பதும் அதே வீட்டிலிருந்தே கிடைத்தது எனத் தோன்றுகிறது. நிலமும் எண்ணிக்கையும் உடைய ஒக்கலிகர், சடங்கு வரிசையில் பிராமணருக்குக் கீழிருந்தும், ஊரின் வழக்குகளைத் தீர்த்தும் பூசல்களை அடக்கியும் ஆண்டதை அவர் அன்றாடம் கண்டது ஊர்த்தலைவரின் வாயிலில்தான். சாத்திர நூல்கள் வருண வரிசையைச் சொல்கின்றன. அவ்வாயிலில் அமர்ந்தவருக்கோ அதிகாரத்தின் வரிசை தெரிந்தது. சேரியில் அமர்ந்திருந்தால் அதே ஆதிக்கத்தின் மற்றொரு முகம் தெரிந்திருக்கும். செங்கல்பட்டுப் பகுதியில் களப்பணி செய்த ஜோன் மென்சர், சாதியமைப்பைக் கீழிருந்து நோக்கினால் அது இசைவாக அன்றிச் சுரண்டலாகவே தோன்றுகிறது என 1974இல் எழுதினார்.

இரு துணைவர்கள்

ஆய்வாளரின் இடம் மாறினால் ஊரும் மாறுகிறது என்பதற்கு ஏறத்தாழ ஒரு சோதனைபோல் அமைந்த நிகழ்வு டேராடூனுக்கு அருகே இமயமலைச் சிற்றூர் ஒன்றில் நேர்ந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்ட் பெர்ரிமன் 1957–58இல் அங்கே களப்பணி செய்தார். சிர்கண்டா என்பது அவர் அவ்வூருக்கு இட்ட பெயர். ஊரார் தொடக்கத்தில் அவரை மதபோதகராகவோ அரசின் ஒற்றராகவோ ஐயுற்றனர். அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் துணைவராகவும் அமைந்தவர் சமவெளியைச் சேர்ந்த இளைஞரான ஒரு பிராமணர்; நூலில் அவர் பெயர் சர்மா.

நான்கு மாதங்களுக்குப் பின் சர்மா நோயுற்று விலக நேர்ந்தது. அவருக்கு மாற்றாக வந்தவர் நடுத்தர வயதுடைய ஒரு முஸ்லிம் ஆசிரியர். நூலில் அவர் பெயர் முகமது. மானிடவியலில் அவருக்கு முன்பயிற்சி ஏதுமில்லை. அதுவரை நடந்தவை வீணாகிவிடும் என்று பெர்ரிமன் அஞ்சினார். நடந்ததோ வேறு. சமவெளிப் பிராமணர் முன்னிலையில் மலைமக்கள் மறைத்து வைத்திருந்த ஊனுணவும் மதுவும், உயிர்ப்பலியும், மணமகளுக்கு விலை தரும் வழக்கமும் மெல்ல மெல்லப் பேச்சில் வரலாயின. தாழ்த்தப்பட்ட சாதியார் முகமதுவின் முன் உரையாடினர். மேற்சாதியார் தம்மிடம் நடந்துகொள்ளும் முறைபற்றி அவர்கள் சொன்னவை முதல் நான்கு மாதங்களில் ஒருபோதும் கேட்கப்படாதவை. மேற்சாதியார் சிலர் முன்போல் நெருங்கவில்லை என்பதையும் சேர்த்தே பெர்ரிமன் எழுதியுள்ளார். 1962இல் அவர் வெளியிட்ட சிறுநூல், ஊரார் ஆய்வாளரிடம் காட்டும் முகத்தையும் ஆய்வாளர் ஊராரிடம் காட்டும் முகத்தையும் ஒருங்கே ஆராய்ந்தது. சர்மாவோ முகமதுவோ பொய் சொல்லவில்லை. இருவரிடமும் ஊரார் சொன்னவை உண்மையே. எனினும் முதலாமவர் நோயுறாதிருந்தால் சிர்கண்டாவைப் பற்றிய நூல் வேறொரு நூலாகியிருக்கும்.

தஞ்சை மாவட்டத்தில் ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் செய்த களப்பணியில் இத்தகைய மாற்றம் நிகழ வாய்ப்பில்லாமற்போயிற்று. டெல்லியில் ஸ்ரீநிவாஸின் மாணவரான அவர், ‘ஸ்ரீபுரம்’ எனத் தாம் பெயரிட்ட ஊரின் அக்கிரகாரத்திலேயே தங்க இடம் பெற்றார். பிராமணரல்லாத ஒருவர் அங்கே தங்க இடம் பெற்றது அக்காலத்தில் அரியதொன்று. அந்த வாய்ப்பிற்கு ஈடாக அவர் அக்கிரகாரத்தின் வாழ்முறையை மேற்கொள்ள வேண்டியிருந்தது. உடையாலும் வீட்டாலும் அவரைப் பிராமணருள் ஒருவராகவே ஏனைய சாதியார் எண்ணினர். அதனால் பிராமணரல்லாதாரிடமும், இன்னும் மிகுதியாக ஆதிதிராவிடரிடமும் தமக்கிருந்த தொடர்பு குன்றியது என்பதை ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ (1965) நூலின் முன்னுரையில் அவர் வெளிப்படையாகவே எழுதியுள்ளார். ஆசிரியர் கன்னட நாட்டிலும் மாணவர் தமிழ் நாட்டிலும் ஒரே வகை வாயிலின் வழியாக உள்ளே சென்றனர். ஒரே வகைச் சுவரும் இருவருக்கும் எதிர்ப்பட்டது.

எழுத்தில் ஏறியமை

இவையனைத்தும் களப்பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டவையாகவே நெடுங்காலம் இருந்தன. நூலில் முன்னுரையின் சில பத்திகளுக்கு மேல் அவை இடம்பெறவில்லை. 1967இல் மாலினோவ்ஸ்கியின் நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் வெளியாகி மானிடவியல் உலகை அதிரச் செய்தது. இந்தியாவில் அத்தகைய அதிர்ச்சி வேறொரு வழியில் வந்தது. 1970 ஏப்ரல் 24 அன்று, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்ரீநிவாஸ் தங்கி எழுதிக்கொண்டிருந்த ஆய்வு மையத்தில் தீ வைக்கப்பட்டது. ராமபுரம் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகப் பகுத்தும் தொகுத்தும் வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் அவருடைய அறையில் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதுமாறு மானிடவியலாளர் சால் டாக்ஸ் கூறினார். அவ்வாறு எழுதப்பட்டு 1976இல் வெளிவந்ததே ‘நினைவில் நின்ற சிற்றூர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல்.

குறிப்புகள் எரியாதிருந்தால் ராமபுரம் பற்றி அட்டவணைகள் நிரம்பிய ஓர் ஆய்வுநூல் வந்திருக்கும். அதில் மாட்டுவீடும் முகமழிப்பும் இடம்பெற்றிருக்க வாய்ப்பு குறைவு. அட்டவணைகள் போனபின் எஞ்சியது நினைவு. நினைவில் எழுதுபவரும் இருந்தார். எழுதுபவர் எங்கிருந்து கண்டார், யாரிடம் கேட்டார் என்பது நூலின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்திய இனவரைவியல் எழுத்தில் ஆய்வாளர் தம்மையும் ஆராயப்படும் பொருளாக்கிய முன்னோடி நூல்களுள் இஃது ஒன்றாகக் கருதப்படுவதற்கு இந்த நேர்ச்சியும் ஒரு காரணம்.

இதற்கு ஓராண்டு முன்பே பெத்தேயும் டி. என். மதனும் பதிப்பித்த களப்பணி அனுபவத் தொகுப்பு (1975) வெளியாகிவிட்டது. காஷ்மீரப் பண்டிதரான மதன் தம் இனத்தவரையே ஆராய்ந்தவர். தம்மவரிடையே வாழ்ந்தும் அயலார்போல் நிற்க நேர்ந்த நிலையை அவர் அதில் எழுதினார். 1979இல் ஸ்ரீநிவாஸ், ஏ. எம். ஷா, ஈ. ஏ. ராமசாமி ஆகிய மூவரும் பதிப்பித்த மற்றொரு தொகுப்பு வந்தது. அவர்களுள் ராமசாமி கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளரின் சங்கத்தை ஆராய்ந்தவர். ஊர், சேரி, அக்கிரகாரம் என்னும் பிரிவுக்கு வெளியே, ஆலையும் சங்கமும் களமாகும்போது நுழைவாயிலும் வேறாகிறது. 1991இல் எம். என். பாணினி பதிப்பித்த தொகுப்பு, தம் சமூகத்தையே ஆராய்ந்த பெண் ஆய்வாளர்களின் அனுபவங்களைக் கொண்டது. ஸ்ரீநிவாஸுக்கு மூடியிருந்த அடுக்களை வாயில் அவர்களுக்குத் திறந்திருந்தது. ஆண்கள் கூடும் இடங்கள் பல மூடியிருந்தன.

தமிழ்த் துறைகளில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு பெருகியபோது களப்பணியும் உடன் வந்தது. பாடல், கதை, சடங்கு, தொழில் எனப் பெருந்திரளான செய்திகள் தொகுக்கப்பட்டன. தொகுத்தோர் பெரும்பாலும் ஆய்வு செய்த ஊரிலோ அதன் அண்மையிலோ பிறந்தவர்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவர்கள். ரிவர்ஸுக்கு நேர்ந்த இழப்பு அவர்களுக்கு இல்லை. ஆயின் சொந்த ஊரில் ஆய்வாளருக்குரிய இடம் அவர் பிறக்கும்போதே வகுக்கப்பட்டுவிடுகிறது. எந்தத் தெருவில் அவர் அமரலாம், எவரை அண்ணன் என்றும் எவரைப் பெயர் சொல்லியும் அழைப்பார், எவர் அவரிடம் ஒப்பாரி பாடிக்காட்டுவார், எவர் பாட மறுப்பார் என்பன ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. ஒரே ஊரின் ஒரே கதைப்பாடல் இருவேறு ஆய்வேடுகளில் இருவேறு முடிவுடன் காணப்படும்போது, அதனைப் பாடவேறுபாடு எனக் குறித்து அமைவது வழக்கம். பாடியவர் யாருக்காகப் பாடினார் என்பதும் அவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம்.

அத்தகைய ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ ஒன்று தவறாமல் இடம்பெறும். பெயர், வயது, பால், சாதி, கல்வி, தொழில், ஊர் எனத் தகவலாளரைப் பற்றிய விவரங்கள் அதில் கட்டங்கட்டமாக நிரப்பப்பட்டிருக்கும். ஆய்வாளருக்கென்று அப்பட்டியலில் வரிசை இல்லை. அவரை முதன்முதலில் அந்தத் தெருவிற்கு அழைத்துச் சென்றவரின் பெயர், எங்கேனும் இருக்குமாயின், நன்றியுரையில் ஊர்தி தந்து உதவியோருக்கும் தட்டச்சு செய்தோருக்கும் இடையில் இருக்கும்.